ஒட்டகத்தின் பெல்ட்

மாலை ஏழு மணி. குடோன்களைத் தாண்டிப் போகிற அந்தத் தார் ரோட்டில் ஒருவன் தனியாக நடந்து போகிறான். தெருவிளக்கெல்லாம் கடைசிக் குடோனோடு சரி. அதற்கப்புறம் இரண்டு பக்கமும் முள்ளுச் செடி... நடுவில் ரோடு... ரோடு முடிகிற இடத்தில் ஒரே ஒரு வீடு. நடக்கிறவன் சட்டைப் பையை ஒரு கையால் பொத்திப் பிடித்திருக்கிறான். பைக்குள் ஒரு பேட்டரி. தீப்பெட்டி அளவுதான் இருக்கும். நேற்றும் இப்படித்தான் போனான், நாளைக்கும் போவான். மழை கொட்டினாலும் போவான். காய்ச்சலில் பல் கிட்டிக்கொண்டு கிடந்தாலும் எழுந்து போவான்.

ஏன் போகிறான் என்பதுதான் கதை.

சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். நடுவில் யாராவது சத்தம் காட்டினீர்களோ, பாதியில் நிறுத்திவிட்டு நான் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவேன்; மீதியை இருட்டில் நீங்களாகவே நினைத்து நினைத்துப் புரள வேண்டியதுதான். கரண்ட் இப்போதைக்கு வராது. நெருங்கி உட்காருங்கள். கதவுப் பக்கம் யார், நீயா? சரி, உன் தலையெழுத்து.

இது காற்றுவாக்கில் வந்த கதை இல்லை. நம் வெல்டர் இருக்கிறானே, அதோ, சுவரில் சாய்ந்துகொண்டு வாயே திறக்காமல்... அவனுடைய சித்தப்பா மகனுக்கு நடந்தது. வெல்டருக்கு அண்ணன் முறை. வெல்டரைப் பற்றி உங்களுக்குத் தெரியும். பொய் சொல்ல மாட்டான். அதற்கெல்லாம் மூளை வேண்டும்.

அந்த அண்ணனை எல்லோரும் 'பெல்ட்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளத் தாளில் மட்டும்தான் இருக்கிறது. அவன் வேலை அப்படி. இதயம் தளர்ந்துபோனவர்களின் வீட்டுக்குப் போய், நெஞ்சைச் சுற்றி ஒரு பெல்ட் கட்டிவிடுவான். பெல்ட்டின் உள்பக்கம் நான்கு ஈரப் பட்டைகள். அதில் இரண்டு பட்டைகள் துளி மின்சாரத்தை நெஞ்சுக்குள் அனுப்பும். எறும்பு ஊர்ந்தாலாவது தெரியும், இது தெரியவே தெரியாது. மற்ற இரண்டும், அந்த மின்சாரம் எவ்வளவு சிரமப்பட்டு நெஞ்சைக் கடந்து வருகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கும். நெஞ்சுக்குள் காற்று, எலும்பு, கொழுப்பு என்று மின்சாரத்தைத் தடுக்கிற சாமான்தான் அதிகம். ரத்தம் மட்டும்தான் அதற்குத் தாராளமாக வழி விடும். இதயம் ஒரு தடவை ரத்தத்தைத் தள்ளினால், அந்த நொடியில் நெஞ்சின் தடை ஒரு துளி குறையும். பெல்ட் அந்தத் துளியைப் பிடித்து, தன்னோடு ஒட்டியிருக்கிற சின்னத் திரையில் கோடாகத் துள்ள விடும். ரத்தம் ஓடினால் கோடு துள்ளும். ஓடாவிட்டால் படுத்துவிடும். அதை ஏமாற்ற முடியாது. தலையணையில் கட்டினால், துள்ளலும் கிடையாது, கோடும் கிடையாது. 'நெஞ்சு இல்லை' என்று திரையில் எழுத்து வந்து நிற்கும்.

இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கேட்பேன்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. இதயம் தளர்ந்தவர்களுக்கு நெஞ்சில் தண்ணீர் சேரும். சேரச் சேர மொத்தத் தடையும் இறங்கிக்கொண்டே வரும். ஆள் மூச்சு முட்டி எழுந்து உட்காருவதற்கு முன்பே பெல்ட் கண்டுபிடித்துக் கத்திவிடும். ஆனால் கத்த வேண்டுமானால், கட்டியிருப்பவரின் நெஞ்சு சாதாரணமாக எப்படி இருக்கும் என்று அதற்குத் தெரிய வேண்டும். அதைப் பழகிக்கொள்ள ஒரு முழு இரவு எடுக்கும். அந்த ஒரு இரவு மட்டும் பெல்ட் வாயே திறக்காது. ஒருவரிடம் கழற்றி இன்னொருவருக்குக் கட்டும்போது பக்கத்தில் இருக்கிற பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும். பிப்... பிப்... இரண்டு சத்தம். பழைய நெஞ்சை மறந்துவிட்டது என்று அர்த்தம். 'மறக்கடிப்பது' என்று அவர்களுக்குள் சொல்வார்கள். மறக்கடிக்காமல் பெல்ட்டை ஆள் மாற்றக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லித் தருகிற பாடம்.

பெல்ட்டுகள் அனுப்புகிற கோடுகளையெல்லாம் ஆபீசில் ஒரு அம்மாள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். ஸ்கிரீன் அக்கா. எந்த இரண்டு பேருடைய கோடும் ஒரே மாதிரி துள்ளாது. அக்காவுக்கு ஆட்களின் பெயர் தெரியாது, முகம் தெரியாது, ஆனால் கோட்டைப் பார்த்த மாத்திரத்தில் இன்னார் என்று சொல்லிவிடுவாள். ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தாள். ஒருவர் 'ரம்பம்'. ஒருவர் 'தூங்குமூஞ்சி'. குடோன் ரோட்டின் அந்தக் கடைசி வீட்டில் தனியாக இருந்தவர் 'ஒட்டகம்'.

அவருக்கு இதயத்தில் ஒரு வால்வு ஒழுகியது. ஒவ்வொரு துடிப்புக்கும் கோட்டில் பெரிய திமில் ஒன்று, அதன் பின்னாலேயே சின்னத் திமில் ஒன்று. ஆயிரம் கோடுகளுக்கு நடுவிலும் அவருடையது தனியாகத் தெரியும். ஆளும் அப்படித்தான். வாயைத் திறந்தால் கடி. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டு கடைசியில் யாருமே இல்லை. வீட்டு ஜன்னல் ஒன்றைக்கூடத் திறக்க விட மாட்டார். மூச்சு முட்டுகிறவர்கள் காற்றுக்குத் தவிப்பார்கள். இவர் நேர் எதிர். "காத்து வருது, சாத்து" என்பார். உள்ளே தைல நெடியும் காயாத துணியின் வாடையும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறும். எதையாவது யோசிக்கும்போது கட்டில் கம்பியில் நகத்தால் தட்டிக்கொண்டே இருப்பார். டொக்... டொடொக். டொக்... டொடொக். தனியாக இருப்பவர்கள் வீட்டுச் சாவியில் ஒன்று பெல்ட்டுக்காரனிடம் இருக்க வேண்டும் என்பது ஆபீஸ் வழக்கம். அதனால் அந்த வீட்டுச் சாவி நம் ஆளிடம் இருந்தது.

சரி. இப்போது அவன் மனைவி.

நல்ல பெண். ஒரு காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல்தான். போகும்போது இதயத்தைப் பாதியாக்கிவிட்டுப் போய்விட்டது. நாலு படி ஏறினால் உட்கார்ந்துவிடுவாள். ராத்திரியில் திடீரென்று எழுந்து உட்கார்ந்து, அவன் தோளைப் பிடித்துக்கொண்டு மூச்சைத் தேடுவாள். அவன் மற்றவர்களுக்கெல்லாம் பெல்ட் கட்டிவிடுகிறவன். தன் வீட்டில் இருப்பவளுக்குக் கட்ட ஒன்று இல்லை. மேலாளரிடம் போய் நின்றான்.

"வரிசைன்னு ஒண்ணு இருக்குல்ல?" என்றார் மேலாளர், தலையைத் தூக்காமலே. "எல்லாருக்கும் உயிரு ஒண்ணுதான். உன் பொண்டாட்டிக்கு மட்டும் தனியா செஞ்சு வெச்சிருக்கா?"

"ஒரு மாசம் தாங்க மாட்டா சார்."

"வரிசையில இருக்கறவங்களும் அதையேதான் சொல்றாங்க. போ, போய் வேலயப் பாரு."

அவர் சொன்னதில் தப்பே இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். அன்று ராத்திரி அவள் மூச்சு வாங்கிக்கொண்டே, "என்னங்க... நான் தூங்கிட்டா எழுப்பிவிட்டுடுங்க. தூக்கத்துலயே போயிடுவேனோன்னு பயமா இருக்கு" என்றாள். விடிய விடிய அவள் மூச்சை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மறுநாள் மாலை, குடோன் ரோட்டில் நடந்தான்.

ஒட்டகம் மூன்று தலையணையில் சாய்ந்திருந்தார்.

"என்னடா, இன்னிக்கு உன் நாள் இல்லயே?"

"பெல்ட்ட சர்வீஸுக்கு எடுத்துட்டுப் போகணும் சார். நாளைக்குக் காலைல வேற கொண்டுவந்து கட்டிடறேன்."

"பொய்யி."

அவன் கொக்கியில் கை வைத்தான். அவர் அந்த மணிக்கட்டைப் பிடித்தார். அந்த உடம்பில் அவ்வளவு பிடி எங்கிருந்து வந்ததோ...

"கழட்டாத. நான் இருக்கேனா, போயிட்டேனான்னு ராத்திரி பூரா பாத்துக்கிட்டு இருக்கறது இது ஒண்ணுதான். இதையும் எடுத்துட்டா எனக்குன்னு யாருடா இருக்கா?"

"ஒரு ராத்திரிதான் சார்."

கொஞ்ச நேரம் அவன் முகத்தையே பார்த்தார். பிறகு பிடியை விட்டார். கெஞ்சவில்லை, திட்டவில்லை. கட்டில் கம்பியில் நகத்தால் ஒரு தட்டு தட்டினார்.

"சரி, கழட்டு. உன் கையாலதானே கழட்டறே? கழட்டு. பாத்துக்கலாம்."

கழற்றினான். பட்டைகள் தோலைவிட்டுப் பிரியும்போது 'ப்ச்' என்று ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தம் இன்றைக்கும் காதில் இருக்கிறதாம்.

வீட்டுக்கு வந்து அவளுக்குக் கட்டினான். பொத்தானில் விரல் வைத்தான்... எடுத்துவிட்டான். மறக்கடித்தால் இந்த ராத்திரி முழுக்கப் பெல்ட் ஊமை. இந்த ஒரு ராத்திரிக்காகத்தானே இவ்வளவும் செய்தான்? அந்தத் தொழிலில் இருக்கிறவனுக்கு மட்டும்தான் அப்படி ஒரு கணக்கு வரும். ஒட்டகத்தின் நெஞ்சை வைத்தாவது அளக்கட்டும், ஏதோ ஒரு காவல் இருக்கட்டும், விடிந்ததும் ஒழுங்காகச் செய்துகொள்ளலாம் என்று விட்டான். திரையில் அவளுடைய கோடு துள்ளியது. ஒற்றைத் திமில். அதன் சரிவில் ஒரு சின்னக் குலுக்கல். பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவன் பல நாள் கழித்து நன்றாகத் தூங்கிப்போனான்.

காலையில் ஸ்கிரீன் அக்கா போன் செய்தாள்.

"டேய், ஒட்டகத்தோட நம்பர்ல யாரோ கொலுசு போட்டுட்டு நடந்து போற மாதிரி ஒரு கோடு வருது. உன் வீட்டுக்காரியா?"

"ஆமாக்கா."

"அப்ப ஒட்டகம்?"

"இன்னிக்கு வேற ஒண்ணு தேத்திக் குடுத்துடறேன்க்கா."

அக்கா பெருமூச்சு விட்டாள். "நான் எதையும் பாக்கல. சீக்கிரம் குடு." அன்றிலிருந்து அக்காவின் கணக்கில் அவன் மனைவி 'கொலுசு' ஆனாள்.

வேறு ஒன்று கிடைக்கவில்லை. அன்றும் கிடைக்கவில்லை, மறுநாளும் கிடைக்கவில்லை. அதற்கடுத்த நாள் தண்ணீர் கேன் போடுகிறவர் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆட்களைக் கூப்பிட்டார். ஒட்டகம் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே இருந்தாராம். சட்டைப் பொத்தான் எல்லாம் திறந்து... நெஞ்சைக் காட்டிக்கொண்டு. யாரோ வந்து கட்டிவிடுவதற்காகக் காத்திருக்கிற மாதிரி.

பெல்ட்டு அழுதான். அதை இல்லையென்று சொல்லக் கூடாது. அழுதுவிட்டு வந்து, மனைவியின் நெஞ்சில் பெல்ட் சரியாக இருக்கிறதா என்று பார்த்தான். அவ்வளவுதான் மனுஷன்.

அன்று ராத்திரி மறுபடி போன். அக்காவின் குரல் ஒரு மாதிரி இருந்தது.

"பெல்ட் எங்கடா இருக்கு?"

"என் வீட்டுக்காரி மேலதான்க்கா."

"விளையாடாத. நிஜமா சொல்லு."

திரையைப் பார்த்தான். பெரிய திமில்... பின்னாலேயே சின்னத் திமில். பெரிய திமில்... சின்னத் திமில். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். அறையில் தைல நெடி அடித்தது. அந்த வீட்டில் தைலம் தேய்ப்பவர் யாரும் கிடையாது.

"அக்கா, மெஷின்ல ஏதாவது கோளாறு..."

"மெஷினா? ரெண்டு வருஷம் தினமும் பாத்த கோடுடா அது. எனக்குத் தெரியாதா? செத்த மனுஷனுக்கு எப்படிடா ரத்தம் ஓடுது?"

டாக்டரிடம் கூட்டிப் போனான். ஸ்கேன் எடுத்தார்கள். வால்வில் ஒரு குறையும் இல்லை, ஒழுகலும் இல்லை என்றார்கள். ஆனால் அவள் கால் வீங்க ஆரம்பித்திருந்தது. கண்ணுக்குக் கீழே பை விழுந்தது. ஒரு தலையணை இரண்டாயிற்று, இரண்டு மூன்றாயிற்று. நெஞ்சில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது, மாத்திரைக்கு அசையவில்லை. பெல்ட் ஒரு தடவைகூடக் கத்தவில்லை. ஏன் கத்தும்? அதற்குத் தெரிந்தது ஒட்டகத்தின் நெஞ்சு. இவள் நெஞ்சு அந்த நெஞ்சாக மாற மாற, எல்லாம் நலம் என்று பச்சை விளக்கு காட்டிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் வேலை முடிந்து வந்தால், வீட்டு ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. அவள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். விரல் நகம் கம்பியில் தட்டிக்கொண்டிருந்தது.

டொக்... டொடொக்.

"என்னம்மா, இப்படிப் புழுங்குது, ஜன்னலைத் திறக்கக் கூடாதா?"

"காத்து வருதுங்க" என்றாள். தான் தட்டுவது அவளுக்கே தெரியவில்லை.

அப்போதுதான் அவனுக்குப் பொறி தட்டியது. பொத்தானை அழுத்திப் பிடித்தான். பிப்... ஒரு சத்தம். இரண்டாவது வரவில்லை. விரல் வெளுத்துப்போகும்வரை அழுத்தினான். பிப். அவ்வளவுதான். மறக்க மாட்டேன் என்கிறது.

"கழட்டிடலாம்மா" என்றான்.

அவள் கை பாய்ந்து வந்து மணிக்கட்டைப் பிடித்தது. அதே இடம். அதே பிடி. "கழட்டாத" என்றாள். குரல் அவளுடையது இல்லை... கல்யாணம் ஆன நாளிலிருந்து அவனை நீங்க, வாங்க என்று மட்டுமே கூப்பிட்டவள்.

யார் அது பின்னால் இருமியது? தண்ணீர் குடி. குடித்துவிட்டுச் சும்மா இரு.

பிடியைப் பிய்த்துக்கொண்டு கழற்றினான். ப்ச். அவள் தலை சாய்ந்தது. மூக்கில் விரல் வைத்துப் பார்த்தான், மூச்சு வந்தது. நிதானமாக, ஆழமாக, பல நாளாக வராத மூச்சு. அப்பாடா என்றிருந்தது அவனுக்கு. பக்கத்து வீட்டுப் பெண்ணைத் துணைக்கு இருக்கச் சொல்லிவிட்டு, பெல்ட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தான். கோபம்தான் வந்தது, பயம் வரவில்லை. உன் சாமானை எடுத்தேன், தப்புதான். அதற்கு என்னைப் பிடி. ஒன்றும் தெரியாதவளை ஏன் பிடிக்கிறாய்? ரோடு முழுக்க இதையே சொல்லிக்கொண்டு போனான்.

வீடு பூட்டிக் கிடந்தது. உரிமை கொண்டாட யாரும் வரவில்லை. சாவியைப் போட்டுத் திறந்தான். அந்த வாடை அப்படியே இருந்தது. செல்போன் வெளிச்சத்தில் கட்டில்... அதன் மேல் மூன்று தலையணை... நடுத் தலையணையில் இன்னும் ஆள் சாய்ந்த பள்ளம். அந்தத் தலையணையைச் சுற்றிப் பெல்ட்டைக் கட்டினான். கொக்கியை மாட்டினான்.

"இந்தா. உன்னோடது. நீயே வெச்சுக்க. என் பொண்டாட்டிய விட்டுடு."

தலையணையில் கட்டினால் திரையில் என்ன வரும்? கேட்பேன் என்றேனே. ஆமாம். 'நெஞ்சு இல்லை'. வந்தது. அந்த எழுத்தைப் பார்த்ததும் அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கதவைப் பூட்டிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தான். கடைசிக் குடோன் விளக்கடிக்கு வந்தபோது போன் அடித்தது. ஸ்கிரீன் அக்கா. சந்தோஷத்தில் கத்தினாள்.

"டேய், ஒட்டகம் போயிடுச்சுடா! கொஞ்ச நேரம் நெஞ்சு இல்லைன்னு வந்துச்சு, பயந்தே போயிட்டேன். இப்பப் பாரு, நம்ம கொலுசு வந்துடுச்சு! ஒத்தைத் திமிலு, அதே குலுக்கலு. என்ன, மறக்கடிச்சிட்டுத் திரும்பக் கட்டிட்டியா?"

அவன் நின்றுவிட்டான்.

"அக்கா... திரும்பச் சொல்லு."

"கொலுசுடா, உன் வீட்டுக்காரி! ஆனா ரொம்ப வேகமா அடிக்குது. எதையோ பார்த்துப் பயந்த மாதிரி. பக்கத்துலதானே இருக்கே? என்னன்னு கேளுடா."

ஓடினான். வீட்டுக்கு இல்லை... வந்த வழியே. சாவி துவாரத்தில் போக மறுத்தது. உள்ளே இருட்டில் திரை மட்டும் வெளிச்சமாக இருந்தது. தலையணையில் கட்டிய பெல்ட். அதில் ஒற்றைத் திமில், சரிவில் சின்னக் குலுக்கல். எத்தனை ராத்திரி உட்கார்ந்து பார்த்த கோடு. படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"அம்மா..." என்றான். மனைவியை அவன் அப்படித்தான் கூப்பிடுவான். "அம்மா, நான்தான். வந்துட்டேன்."

கோடு கொஞ்சம் கொஞ்சமாக வேகம் குறைந்தது.

அவளை எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று கொக்கியில் கை வைத்தான். பட்டை ஒரு நூல் விலகியதும் கோடு தடுமாறியது... சரிந்தது... படுக்கப் பார்த்தது. அலறிக்கொண்டு கையை எடுத்தான். பட்டையை அழுத்திப் பிடித்தான். ஒரு துள்ளல். நீண்ட இடைவெளி. இன்னொரு துள்ளல். மெல்ல மெல்லத்தான் பழைய கதிக்கு வந்தது. அவன் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

வீட்டுக்குப் போனபோது பக்கத்து வீட்டுப் பெண் வாசலிலேயே நின்றிருந்தாள். "என்னமோ, ஜன்னலையெல்லாம் சாத்தச் சொல்லிட்டு என்னை வெளிய போகச் சொல்லிட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். உள்ளே இருட்டு. கட்டிலில் அவன் மனைவி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மூச்சு வாங்கவில்லை. முகத்தில் அத்தனை தெளிவு.

"வந்துட்டியா? கதவச் சாத்து. காத்து வருது."

அவன் காலைப் பிடித்தான். ஆமாம், அந்தக் காலைத்தான். மன்னிச்சிடுங்க என்றான், என்னை எடுத்துக்குங்க என்றான். சொல்லாதது ஒன்று இல்லை. அது பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டது. நகத்தால் கம்பியில் தட்டிக்கொண்டே கேட்டது.

"என்னுதக் கழட்டினது உன் கைதானே?" என்றது கடைசியில். "அதையும் நீயே கழட்டு. அப்புறம் நாம நிம்மதியா இருக்கலாம்."

இது நடந்து வருஷங்கள் ஆகிவிட்டன. அவன் மனைவிக்கு உடம்பு பூரணமாகத் தேறிவிட்டது. கால் வீக்கம் வடிந்தது. டாக்டரே அதிசயப்பட்டார், வால்வில் மட்டும் புதிதாக லேசான ஒழுகல் தெரிகிறது, கவலைப்பட ஒன்றுமில்லை என்றார். சொந்தக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, நீ கவனித்துக்கொண்ட விதம்தான் அவளைப் பிழைக்க வைத்தது என்று அவன் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். அவன் தலையாட்டினான்.

பெல்ட்டின் பேட்டரி ஒரு நாள் தாங்கும். இரண்டு பேட்டரி. ஒன்று அங்கே, ஒன்று வீட்டில் சார்ஜில். மாலை ஏழு மணி வாக்கில் மாற்ற வேண்டும்; மாற்றுகிற நொடியைக் கோடு தாங்கிவிடும், பேட்டரி தீர்ந்துபோனால் தாங்காது. ஸ்கிரீன் அக்கா அந்த நம்பரைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டாள், ஆனால் திரையிலிருந்து எடுக்கவில்லை. ஏன் என்று கேட்டால் சண்டைக்கு வருவாள்.

நம் வெல்டர் ஒரு தடவை சந்தேகப்பட்டு அண்ணன் பின்னாலேயே போனான். சின்னவீடு ஏதோ இருக்கிறது, கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று போனான், மடையன். ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்திருக்கிறான். உள்ளே அண்ணன் கட்டிலோரம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தான். யாருமில்லை. தலையணைதான். "இன்னிக்கு உங்க அம்மா போன் பண்ணாங்க... எனக்கு மேலாளர்கிட்ட நல்ல பாட்டு..." என்று வீட்டுக் கதையெல்லாம் ஒப்பித்துக்கொண்டிருந்தான். மேலாளர் வழுக்கி விழுந்ததைச் சொன்னபோது, திரையில் அந்தக் கோடு கிடுகிடுவென்று துள்ளியதாம். சிரிப்பு வந்த நெஞ்சு துள்ளுமே, அப்படி.

வெல்டர், தப்பா சொன்னா சொல்லு. ...பார்த்தீர்களா, பேச மாட்டான்.

இன்னும் கொஞ்சம்தான். போன வாரம் வெல்டர் அண்ணன் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தான். அண்ணி நன்றாகப் பேசினாள். தட்டில் நிறையப் போட்டாள். கன்னத்தில் அதே குழிதான், சிரித்தால் அதே அழகுதான். ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது, தைல நெடி. மணி எட்டரையைத் தாண்டித்தான் அண்ணன் வந்தான். உட்காரக்கூட இல்லை. சட்டைப் பையிலிருந்து தீர்ந்துபோன பேட்டரியை எடுத்துச் சார்ஜில் போட்டான். ஒரு நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு வெல்டரைத் தனியாகக் கூப்பிட்டு, "நாளையிலேர்ந்து காலைலயும் ஒரு தடவை போகணும்டா. பேட்டரி வீக்காயிடுச்சு. இப்பல்லாம் மதியத்துக்கே சிவப்பு காட்டுது. அந்த மாடல் இப்ப வர்றதே இல்ல, தேடாத கடை இல்ல" என்றான். மெதுவாகத்தான் சொன்னான்.

அண்ணி சமையலறை வாசலில் வந்து நின்றாள். வெல்டரைப் பார்க்கவில்லை, அண்ணனைத்தான் பார்த்தாள்.

"கழட்டிட்டியா?"

அண்ணன் தலையைக் குனிந்தபடி இல்லையென்று ஆட்டினான்.

அவள் கை தானாகக் கதவு நிலைக்குப் போனது. டொக்... டொடொக்.

"சரி" என்றாள், சார்ஜில் இருந்த பேட்டரியைப் பார்த்துக்கொண்டே. "பாத்துக்கலாம்."